பெரிய தோட்டாவே வாங்கு, கண்ணு!

வாங்கு கண்ணு, தாராளமா வாங்கு. வாங்கறதுதான் வாங்கற, பாயிண்ட் 45ஆவே வாங்கிப்போடு. சின்னதா ஒண்ணை இடுப்புல சொருகிக்கிட்டு நீ பாலத்தைத் தாண்டிப் போனீன்னா ஈரோட்டுக்காரன் சிரிக்க மாட்டானா? பள்ளிபாளையத்து மானம் காவேரி ஆத்தோட போயிறும். அப்பிச்சி நான் உசுரோட இருக்கறப்ப அப்படி நடக்க உட்ருவனா?

செல்லுல அந்த வெள்ளைக்காரன் சுடறதைப் பாத்துப் பாத்து உனக்கு எல்லாம் அத்துப்படி ஆயிப்போச்சு. பிளாஸ்டிக் துப்பாக்கின்னா கோவிச்சுக்கற. செரி, பாலிமர் பிஸ்டல். அதுல 9 எம்எம் எடுக்கறதா, பாயிண்ட் 40 எடுக்கறதா, 45 எடுக்கறதா, எது கைக்குச் சொகம், எது எச்சா ஒதைக்கும்ன்னு என்றகிட்ட வந்து கேக்கற பாரு, அங்கதான் உனக்கும் கொஞ்சம் புத்தி இருக்குதுன்னு தெரியுது. மதராஸ் ரெஜிமெண்டுல கோத் அவில்தாரா இருந்தவன் நானு. கோத்துன்னா ஆயுதக் கொட்டடி. துப்பாக்கிய எண்ணிக் குடுத்து, எண்ணி வாங்கி, எண்ணெய் போட்டு அடுக்கி வெக்கறது. பென்சன் வாங்குன பொறகு ஈரோட்டுல ஒரு பேங்கு வாசல்ல ரெட்டைக்குழலை மடியில வெச்சுக்கிட்டு ஸ்டூலு போட்டு உக்காந்திருந்தேன். அதை ஒருநாளும் சுட்டதில்ல. சுடாம இருக்கறதுக்குத்தான் அங்க சம்பளமே.

மொதல்ல கையக் காட்டு. நீட்டு, வெக்கப்படாத.

விரலு நீளந்தான். உள்ளங்கையில காப்பு ஒண்ணு காணமே? தறிக்குடோனுக்கு மொதலாளின்னு பேரு, அறுந்த இழைய ஒருநாளாவது உன்ற கையால முடிஞ்சிருப்பயா? நம்மூரு சிக்கனுக்கு வரமொளகாயக் கிள்ளிப் போடுடான்னு உங்கம்மா சொன்னா, வெதை எரியுதுன்னு பொடக்காளிக்கு ஓடறவன் நீ. இந்தக் கைக்கு நாப்பத்தஞ்சு. நல்லாத்தான் இருக்கும் போ.

துப்பாக்கிப் பிடிங்கறது மம்முட்டிப் பிடி மாதிரி. தோட்டத்துல நாலு ஆளு வேலை செஞ்சா நாலு பேருக்கும் அவனவன் மம்முட்டிதான். மாத்தி எடுத்தா பொழுதோட கையில கொப்புளம். கடையில வாங்குன பிடிய ஆராவது அப்படியே மாட்டுவானா? சீவி, கண்ணாடிச் சில்லால வழிச்சு, கைக்கு ஒக்கற வரைக்கும் பாத்துத்தான் மாட்டுவான். பாலிமருல அந்த வேலை லேசுல நடக்காது. அச்சுல ஊத்தி எடுத்த சட்டம். ஆஸ்திரியாவுல ஒருத்தனுக்கு ஒத்த பிடி, பள்ளிபாளையத்துல உனக்கும் ஒக்கோணும்ன்னு அதுக்கு என்ன தலையெழுத்து?

அந்த ஆஸ்திரியாக்காரரு காஸ்டன் குளோக்கு. அதுக்கு முன்ன துப்பாக்கியே செஞ்சதில்லாத மனுசன். திரைச்சீலைக் கம்பி, பட்டாளத்துக்குக் கத்தி, இப்படிச் செஞ்சு பொழைச்சுக்கிட்டிருந்தாரு. 1982ல அந்த நாட்டுப் பட்டாளம் அவரு செஞ்ச குளோக் 17ஐ எடுத்துக்கிச்சு. பாலிமர் சட்டத்துல அவருதான் மொதல் ஆளுன்னு நெனைக்காத. 1970லயே ஜெர்மன்காரன் விபி70ன்னு ஒண்ணு விட்டான். டிரிக்கர இழுக்கறதுக்குள்ள விரலு ஓஞ்சுபோகும், ஆரும் சீந்தல. குளோக்கு பொழைச்சுக்கிச்சு. ஆனாப் பிடி விசயத்துல அவியளும் தடவிக்கிட்டேதான் இருந்தாங்க. நடுவுல பிடிக்கு முன்பக்கம் விரலுக்குப் பள்ளம் போட்டாங்க. எவன் விரலுக்கு? தடிச்ச விரலுக்காரனுக்கு மேடு குத்துச்சு, மெல்லிசு விரலுக்காரனுக்குப் பள்ளம் தள்ளிப் போச்சு. 2010ல முதுகுப் பட்டைய மாத்திக்கலாம்ன்னு நாலாந்தலைமொற வந்துச்சு, வால்தர் கம்பெனிக்காரன் அதை முன்னாலயே செஞ்சு வெச்சிருந்தான். 2017ல அஞ்சாந்தலைமொற வந்தப்ப விரல் பள்ளத்தையே தூக்கிப் போட்டுட்டாங்க. வழுவழுன்னு உட்டாச் சனங்க அவனவனாப் பிடிச்சுக்குவான்னு புரியறதுக்கு இத்தனை வருசம்.

பிடி ஒக்குதான்னு பாக்கறதுக்கு செல்லு வேண்டியதில்ல. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவுல இருக்கற சவ்வு, பிடியோட உச்சியில போய் இடிக்கோணும். அதுக்குக் கீழ பிடிச்சா குழலு கைக்கு மேல எட்டத்துல நிக்கும், சுட்ட ஒடனே மூக்கைத் தூக்கும். குழலும் முன்னங்கையும் ஒரே கோட்டுல வரோணும். அப்பறம் ஆள்காட்டி விரலோட நுனி மெத்தை டிரிக்கர் மேல தானா உக்காரோணும். கையத் திருப்பித்தான் எட்டுதுன்னா அது அடுத்தவன் துப்பாக்கி, கீழ வெச்சுரு. இங்கதான் உன்ற நாப்பத்தஞ்சு மொதல் ஆப்பு வெக்கும். தோட்டா தடிச்சா மேகசின் தடிக்கும், மேகசின் தடிச்சாப் பிடி தடிக்கும். குளோக் 21ல நாப்பத்தஞ்சு தோட்டா பதிமூணை ரெண்டு வரிசையா அடுக்கியிருக்கான். கை எட்டலைன்னு அமெரிக்காவுலயே பொலம்பினாங்க, பொறகு பிடியக் கொஞ்சம் சுருக்கி ஒண்ணு விட்டாங்க. அமெரிக்கக்காரன் கைக்கே அந்தக் கதி.

"உள்ளங்கை நெறையப் பிடிச்சாத்தானுங்க அப்பிச்சி ஒதை தெரியாது"ன்னு ஆரோ சொல்லிக் குடுத்திருக்கான் உனக்கு. பாதி நெசம். பிடி அகலமா இருந்தா ஒதை உள்ளங்கை பூராப் பரவும், ஒரே எடத்துல குத்தாது. ஆனா மொத்த ஒதை எவ்வளவுங்கறதைப் பிடி முடிவு பண்ணாது. அதுக்குக் கணக்கு வேற. கூட்டல் பெருக்கல் தெரியுமல்ல, இல்ல அதுக்கும் செல்லா?

குண்டோட எடைய அதோட வேகத்தால பெருக்கு. 9 எம்எம் குண்டு சுமாரா 8 கிராம், செகண்டுக்கு 350 மீட்டர் போகும்: 2800. பாயிண்ட் 40 குண்டு 12 கிராம், 300 மீட்டர்: 3600. பாயிண்ட் 45 குண்டு 15 கிராம், 255 மீட்டர்: 3800க்குப் பக்கம். பாயிண்ட் 32 குண்டு 5 கிராம் கூட வராது, 275 மீட்டர்: 1300க்குப் பக்கம். முன்னால எத்தனை போகுதோ அத்தனையும் பின்னால வரும், எரிஞ்ச மருந்து கக்கறது தனி. இப்ப அதைத் துப்பாக்கியோட எடையால வகுத்துக்க. அதுதான் உன்ற கைய நோக்கி அது வர்ற வேகம்.

பாலிமருல சூதே இங்கதான் இருக்குது. குளோக் 17 வெறுமனே சுமார் 630 கிராம். நான் கோத்துல எண்ணெய் போட்ட இச்சாப்பூர் 9 எம்எம் பூரா எஃகு, பழைய பிரவுனிங் வடிவம், 900 கிராம் பக்கம் வரும். ஒரே தோட்டாதான் ரெண்டுலயும். இடுப்புல லேசா இருக்குதுன்னு நீ சந்தோசப்படற அந்தக் கால் கிலோ, சுடறப்ப உன்ற மணிக்கட்டுல வந்து வட்டியோட வாங்கிக்கும். பாலிமர் சட்டம் கொஞ்சம் வளைஞ்சு குடுக்கும், வெடுக்குங்கறது அதுல சித்தே அடங்கும், ஒத்துக்கறேன். எடைக்கு அது ஈடாகாது.

இன்னொரு கூத்து கேளு. பாயிண்ட் 40 வர்ற குளோக் 22ம் ஒம்போது வர்ற 17ம் ஒரே அளவு, எடையும் கிட்டத்தட்ட ஒண்ணு. அதனால 3600ம் கழிவில்லாம கைக்கு வருது. வேகம் கால் பங்குக்குக் கொஞ்சம் மேல கூடுனாலே ஒதையோட சக்தி ஒண்ணரை மடங்கைத் தாண்டிரும், அது வர்க்கத்துல ஏறற கணக்கு. நாப்பத்தஞ்சுல பெருக்கி வந்த எண்ணு பெருசு, ஆனாத் துப்பாக்கியும் பெருசு, மருந்தோட அழுத்தமும் கொறைச்சல். நாப்பதுக்கும் ஒம்போதுக்கும் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு வரைக்கும் அழுத்தம், நாப்பத்தஞ்சுக்கு 21,000தான். அதனால நாப்பத்தஞ்சு நிதானமாத் தள்ளும், நாப்பது வெடுக்குன்னு மணிக்கட்டை முறிக்கும். எண்ணுல சின்னது எச்சா வலிக்கறது இப்படித்தான். எஸ்எல்ஆர் ரைபிளைப் போட்டுட்டு ஒதை கொறைஞ்ச இன்சாஸ் வந்தப்ப எங்க பசங்க தோளுல இருந்த நீலம் மறைஞ்சுச்சு. மறைஞ்ச பொறகு அதே பசங்கதான் "பழசு நல்லாப் போட்டுத் தள்ளும்"ன்னு பெருமை பேசுனாங்க. வலிச்சதுதான் வீரம்ன்னு எவனோ சொல்லி வெச்சுட்டான்.

வலி கூடப் பரவால்ல, மறந்துரும். பயம் மறக்காது. ரெண்டு தரம் ஒதை வாங்குன கை, மூணாந்தரம் சுடறதுக்கு முன்னாலயே தன்னால முண்டும். குழலு தாழும், குண்டு மண்ணுல. ஆளு மட்டும் துப்பாக்கி சரியில்லம்பான். இதைக் கண்டுபிடிக்க ரேஞ்சுல ஒரு வேலை செய்வோம். மேகசினுக்குள்ள நடுவுல ஒரு டம்மித் தோட்டாவை ஆருக்கும் தெரியாமப் போட்டு உடறது. எது வெடிக்கும் எது வெடிக்காதுன்னு தெரியாம இழுப்பான். டம்மி வர்றப்ப வெடியே இருக்காது, ஒதையே இருக்காது, ஆனா அய்யா கையும் தோளும் குலுங்கிரும். மீசைய முறுக்கிட்டு வந்தவனெல்லாம் அந்த ஒரு நொடியில மொகம் செத்து நிப்பான். பாக்கோணும் கண்ணு, அதைப் பாக்கோணும். உன்னையும் ஒருநாள் அப்படி நிறுத்திப் பாக்கோணும்ன்னு எனக்கு ஆசை.

லேசான பாலிமர் துப்பாக்கிக்கு இன்னொரு கொணம் உண்டு. மணிக்கட்டைத் தளர்த்திப் பிடிச்சா ஸ்லைடு முழுசாப் பின்னால போகாது, வெத்துத் தோட்டா வாயில சிக்கிக்கும். எஃகோட எடை தானா நின்னு குடுக்கும். பாலிமருக்கு உன்ற மணிக்கட்டுதான் நின்னு குடுக்கோணும். உன்றது எப்படி நிக்கும்ன்னு மொளகாய் கிள்றப்பவே பாத்துட்டேன்.

பெரிய தோட்டா ஆசையில அமெரிக்கக்காரன் சுத்துன சுத்தையும் கேட்டுக்க. 1986 ஏப்ரல்ல மயாமியில ரெண்டு பேங்குக் கொள்ளைக்காரனுங்களை எஃப்பிஐ ஆளுக எட்டுப்பேரு மடக்குனாங்க. எஃப்பிஐயில ரெண்டு பேரு செத்தாங்க, அஞ்சு பேருக்குக் காயம். கொள்ளைக்காரன் ஒருத்தனுக்கு ஆரம்பத்துலயே பட்ட 9 எம்எம் குண்டு நெஞ்சுக்குள்ள போயி இருதயத்துக்கு முன்ன நின்னுபோச்சு, அவன் பொறகும் சுட்டுக்கிட்டே இருந்தான். பழி பூராத் தோட்டா மேல உழுந்துச்சு. 10 எம்எம் கொண்டாந்தாங்க. நெறையப் பேருக்கு ஒதை தாங்கல, மருந்தைக் கொறைச்சாங்க. கொறைச்ச மருந்துக்கு இத்தா நீளக் கூடு எதுக்குன்னு, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி கூட்டைக் குட்டையாக்கி 1990ல பாயிண்ட் 40ன்னு விட்டுச்சு. நாட்டுல பாதிப் போலீசு அது பின்னால ஓடுச்சு, 1997ல எஃப்பிஐயும் குளோக்குல அதையே எடுத்துக்கிச்சு. அப்பறம் 2014ல அவியளோட பயிற்சிப் பிரிவே எழுதி வெச்சுட்டாங்க: ஒம்போதுலதான் பெரும்பாலான ஆளுக வெரசாவும் குறியாவும் சுடறாங்க, குண்டு செய்யற வித்தையும் தேறிருச்சு, மேகசின்ல எச்சாவும் கொள்ளும்ன்னு. 2016ல மறுபடி 9 எம்எம் குளோக்கு வாங்க ஒப்பந்தம் போட்டாச்சு. முப்பது வருசம் சுத்திப் பொறப்பட்ட எடத்துக்கே வந்து சேர்ந்தாங்க.

அப்ப ஒம்போதே வாங்கிக்கறேன்னு கெளம்பிட்டியா? உக்காரு. ஒரு சின்ன விசயம் பாக்கி இருக்குது. முன்னாடியே சொல்லியிருக்கலாம், நீ அத்தனை ஆசையாப் பேசிக்கிட்டிருந்த, கெடுப்பானேன்னு உட்டுட்டேன்.

இந்த நாட்டுல ஒம்போதும் உனக்கில்ல, நாப்பத்தஞ்சும் உனக்கில்ல. ஒம்போது தடை செஞ்ச ரகம். பட்டாளத்துக்கும் போலீசுக்கும்தான். மத்தது வெளிநாட்டுச் சரக்கு, அதை நம்ம ஆளுக வாங்கறதை 1980கள்லயே நிறுத்தியாச்சு, பேர் பெத்த வெளையாட்டுக்காரங்களுக்கு மட்டும் வழி உண்டு. உனக்குன்னு சர்க்காரு பெரும்பாலும் ஒதுக்கியிருக்கறது பாயிண்ட் 32. மூணு நாளா ராத்திரி தூங்காம நீ ஒப்பிட்டுப் பாத்த எதுவுமே உன்ற கைக்கு வராது. மொகத்தைத் தொங்கப் போடாத, காப்பி ஆறுது, குடி.

32ன்னா மட்டம்ன்னு ஆரு சொன்னது? சர்க்காரு ஆலையில செய்யற அசனி பிஸ்டல் இருக்குது. பூரா எஃகு, பாலிமர் இல்ல. இந்த ரகச் சின்னப் பிஸ்டலுக்குப் பெரும்பாலும் பூட்டு கெடையாது, ஸ்லைடோட எடையும் ஸ்பிரிங்கும்தான் வெடியைத் தாங்கும். அதனால ஸ்பிரிங் கெட்டி, இழுக்கறப்ப உன்ற விரலு சிவக்கும். தோட்டா சின்னதுன்னாலும் ஒரு சுருக்கு இருக்கும். ரிவால்வர்ல 2014ல கான்பூர்ல நிர்பீக்குன்னு ஒண்ணு விட்டாங்க, பொம்பளைகளுக்குன்னு சொல்லி, டைட்டானியக் கலவையில, அரைக்கிலோ எடை, அப்ப வெலை ஒரு லட்சத்து இருபத்திரெண்டாயிரத்துச் சொச்சம். 2023ல பிரபல்ன்னு இன்னொண்ணு, 700 கிராம், உருளை பக்கவாட்டுல தொறக்கும். ரெண்டுமே 32. கணக்கை நீயே போட்டுக்க: 1300ஐ அரைக்கிலோவால வகுத்தாலும் உன்ற ஒம்போது பாலிமர் குடுக்கற ஒதைக்குக் கீழதான் வரும்.

சின்னத் தோட்டாவுக்கு ரோசப்படறவன் இதையும் கேட்டுக்கோ. 2012 லண்டன் ஒலிம்பிக்குல 25 மீட்டர் ரேப்பிட் ஃபயர் பிஸ்டல்ல வெள்ளி வாங்குனது எங்க பட்டாளத்துக்காரரு, சுபேதார் விஜய் குமார். அந்தப் போட்டியில சுடறது பாயிண்ட் 22. 2006 தோஹா ஆசிய வெளையாட்டுல ஜஸ்பால் ராணா காய்ச்சலோட வந்து சென்டர் ஃபயர் பிஸ்டல்ல 600க்கு 590 அடிச்சுத் தங்கம் வாங்குனாரு. அந்தப் போட்டிக்குப் பெரும்பாலும் எடுக்கறது உனக்கு ஒதுக்குன அதே 32 அளவுதான். அவரு பயிற்சி குடுத்த மனு பாக்கர் 2024 பாரீஸ்ல ரெண்டு வெண்கலம் வாங்குச்சு, அது காத்துத் துப்பாக்கியில, 4.5 எம்எம் ஈயக் குண்டு. அந்தப் பிடியப் பாத்திருக்கயா? மரம். ஒவ்வொருத்தரு கைக்கும் தனித்தனியாச் செதுக்கி, ஒக்காத எடத்துல அரத்தைப் போட்டு, பத்தாத எடத்துல மாவு அப்பி ஒட்டவெச்ச பிடி. துப்பாக்கி ஒண்ணரைக் கிலோவுக்கு மேல போகக்கூடாது, டிரிக்கர் அரைக்கிலோவாவது இழுக்கோணும், ஒத்தைக் கையாலதான் சுடோணும். சட்டம் அப்படி.

அதுல ஒண்ணு வாங்கேன்? 4.5 எம்எம் காத்துத் துப்பாக்கியோட சக்தி 20 ஜூலுக்குள்ள இருந்தா லைசென்சே வேண்டியதில்ல. குடோன் சந்துல பத்து மீட்டர் அளந்து கட்டி, பின்னால மரப்பலகையும் மணல் மூட்டையும் வெச்சு, தறி ஓடாத நேரத்துல சுடு. குழலு நுனியில ஒரு ரூபாக் காசை வெச்சு, டிரிக்கர இழுத்து, காசு உழுகாம இருக்குதான்னு பாரு. எங்களுக்குக் குண்டைக் கண்ணுல காட்டறதுக்கு முன்ன அதைத்தான் செய்ய வெச்சாங்க. ஆறு மாசம் காசு உழுகாம இழுத்துட்டு வா, பொறகு நாப்பத்தஞ்சைப் பத்திப் பேசுவோம்.

வேண்டாமா? 32க்கே மனு போட்டுத்தான் தீருவயா? போடு. இருபத்தொண்ணு தாண்டிட்ட, அந்த ஒரு தகுதியாவது இருக்குது. பாதுகாப்புப் பயிற்சி எடுத்துச் சான்றிதழ் வாங்கு, 2016 விதியில அது கட்டாயம். நாமக்கல்லு கலெக்டர் ஆபீசுக்கு நடக்கறதுக்கு ஒரு சோடிச் செருப்பு தனியா வாங்கி வெச்சுக்க. 2019 திருத்தத்துக்குப் பொறகு ஒருத்தருக்கு மூணு கெடையாது, ரெண்டுதான், லைசென்சு அஞ்சு வருசத்துக்கு. மச்சான் கல்யாணத்துல வானத்தைப் பாத்து ஒண்ணு உட்டீன்னா ரெண்டு வருசம் வரைக்கும் ஜெயிலு, இல்லீன்னா லட்ச ரூவா வரைக்கும் அபராதம், ரெண்டும் சேந்தும் வரும். தேர்தலு வந்தாக் கொண்டுபோயிப் போலீஸ் ஸ்டேசன்ல குடுத்துட்டு ரசீது வாங்கிக்கோணும். எம்பிக்கு ஒருக்கா, எம்எல்ஏவுக்கு ஒருக்கா, நடுவுல உள்ளாட்சி. உன்ற துப்பாக்கி உன்ற ஊட்டுல தூங்கறதைக் காட்டியும் ஸ்டேசன் பீரோவுலதான் நிம்மதியாத் தூங்கும்.

அப்பறம் மனுவுல காரணம் எழுதோணுமே, என்ன எழுதியிருக்கற? "திங்கட்கிழமை இரவு ஈரோடு கனி மார்க்கெட் ஜவுளிச் சந்தைக்குப் பணத்துடன் சென்று வருவதால்." நல்லா எழுதியிருக்கற. வக்கீலு எழுதுனதா? போன சந்தைக்கு நீ கொண்டுபோனது ஒரு செல்லும் சார்ஜரும். வர்ற பணம் பூரா ஜீபேயில வருது. நெசக் காரணம் எனக்குத் தெரியும் கண்ணு. உன்ற பெரியப்பன் மகன். குடோனுக்கு நடுவுல இருக்கற அந்தப் பொதுச்சுவரு. தை மாசத்துல அவன் சுவத்து மேல ரெண்டு வரி செங்கல் ஏத்துனான், அன்னைக்குப் புடிச்சதுதான் உனக்கு இந்தத் துப்பாக்கிக் கிறுக்கு.

இப்ப இதைக் கேட்டுக்க. மனு கலெக்டருகிட்டப் போனா, அவரு போலீசுக்கு அனுப்புவாரு. போலீசு தெருவுக்கு வரும். ஆளு எப்படி, கோவக்காரனா, குடிப்பானா, ஆருகூடவாவது தகராறு இருக்குதான்னு அக்கம்பக்கத்துல கேக்கும். அக்கத்துல உங்கம்மா தண்ணித்தொட்டி. பக்கத்துல ஆரு? அவந்தான். அவன் வாயால சொல்லோணும், "தங்கமான பையனுங்க, ஒரு வம்பு தும்புக்குப் போகமாட்டானுங்க, தாராளமாக் குடுங்க"ன்னு. இன்னும் பொழுது இருக்குது, ஊட்டுலதான் இருப்பான். செருப்பைத் தொட்டுக்கிட்டுக் கெளம்பு.